காப்பித் தோலில் வந்த முதல் வடி

எழுதிப் பழகாத கை இது. கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்குங்க. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அதற்கப்புறம் பேனா பிடித்தது கையெழுத்துப் போடத்தான். மறதியும் சேர்ந்துகொண்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில நேரம் குழம்பிப் போகிறேன். நாலு பேர் முன்னால் நின்று பேசு என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பேச வரமாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

கேட்டவர்கள் இரண்டு சின்னப் பிள்ளைகள். சேலத்துக்கு மேலே எங்கள் மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், காப்பிப் பழத்தோலிலிருந்து வண்டிக்கு ஊற்றுகிற ஸ்பிரிட் எடுக்கக் கொட்டாய் போடுகிறார்களாம். அதில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். எத்தனால் என்று சொன்னார்கள். இப்போது பெட்ரோலிலேயே அதைக் கலந்துதான் விற்கிறார்களாம். "நீங்க அந்தக் காலத்துலயே இந்த வேலை பார்த்தீங்களாமுங்க, எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. எங்கள் அண்ணன் சடையனுடைய இரண்டு கண்ணும் அந்த வேலையில்தான் போகப் பார்த்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லி என்ன புண்ணியம்.

எங்கள் பட்டி மஞ்சக்குட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம். நான் எஸ்டேட்டில் பழம் பறிக்கிற ஆள். பறித்த பழத்தை மிஷினில் கொட்டினால் கொட்டை ஒரு பக்கம் போகும், சிவப்புத் தோல் ஒரு பக்கம் வந்து விழும். கொட்டைக்குத்தான் மரியாதை. தோலைக் குவித்துப் போட்டுவிடுவார்கள். இரண்டு நாளில் கறுத்து, புளித்து, ஈ மொய்த்து, அந்தப் பக்கம் போகவே முடியாது. மழை பெய்தால் அந்தத் தண்ணீர் ஓடையில் இறங்கும். அதைக் குடிக்காமல் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தக் குவியலைப் பார்க்கத்தான் சுலோசனா அம்மா மலை ஏறி வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், ரசாயனம் படித்து ஒரு ஆராய்ச்சி ஆபீஸில் வேலை பார்த்தவர். எண்பதுகளில் ஒரு வருஷம். எது என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை, என் சின்ன மகள் நடை பழகின வருஷம். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த நாற்றக் குவியலில் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். மூக்குக்கு நேராக வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்து, இன்னொரு கையால் காற்றை விசிறி, அந்த வாசத்தை மூக்குக்கு வரவழைத்தார். அப்புறம் எங்களைப் பார்த்து, "இதுல சக்கரை இருக்குதுங்க. வீணாப் போகுது" என்றார். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் வாழ்நாளெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போன குவியல் அது.

எஸ்டேட்காரர்கள் பழைய மாட்டுக்கொட்டாய் ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். கவர்மெண்டில் பர்மிட் வாங்க அம்மா அலையாத அலைச்சல் இல்லை. பறிப்பிலிருந்து எங்களில் சில பெண்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு எண் வாசிக்க வரும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார். முதல் வருஷம் முழுக்கக் கழுவினதுதான் படிப்பு. தொட்டி கழுவு, குழாய் கழுவு, துணி கழுவு, கழுவின கையைக் கழுவு. பறிப்புக்குப் போகிறவர்கள் எங்களைச் சும்மா விடவில்லை. சாராயக் கொட்டாய்க்காரி வருகிறாள், மூச்சுக்காற்றுப் பட்டால் போதை ஏறும், தள்ளி நில்லுங்கள் என்பார்கள். ஒருத்தி வழியை மறித்துக்கொண்டு, "ஏனுங்க ராமாயக்கா, எங்க ஊட்டுக்காரரையும் அங்க சேத்துக்குங்க, சம்பளமே வேண்டாங்கறாரு" என்றாள்.

வேலை இப்படித்தான். இன்றைக்கு உரித்த தோலை இன்றைக்கே எடுக்க வேண்டும். நாளைக்கென்று வைத்தால் வேண்டாத புளிப்பு முந்திக்கொள்ளும். தோலை நறுக்கி, தண்ணீர் விட்டு, செக்கு மாதிரி ஒரு திருகில் அழுத்திப் பிழிவோம். மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் அடிபட்ட ஆரஞ்சுகளையும் சேர்த்துப் பிழிவோம். அந்தச் சாற்றைக் கை பொறுக்காத சூடு வரும்வரை காய்ச்சி, விரல் விட்டால் இதமாக இருக்கும்வரை ஆற வைத்து, அப்புறம்தான் ஈஸ்ட் விட வேண்டும். ஈஸ்ட் வளர்க்க ஒரு சின்னப் பானை தனியாக உண்டு. அதை நாங்கள் தாய்ப்பானை என்போம். அம்மா அதை எவ்வளவோ பெரிய வார்த்தைகளில் விளக்கிப் பார்த்தார். கடைசியில் தோசை மாவுக்குப் பழைய மாவு விடுகிற மாதிரி என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

தொட்டியை மூடி, மூடியிலிருந்து ஒரு குழாயைத் தண்ணீர்ச் சட்டிக்குள் விட்டுவைப்போம். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் சட்டியில் ஒரு குமிழி வரும். இன்னொன்று வரும். பொழுது சாய்வதற்குள் சோறு கொதிக்கிற மாதிரி பொளபொளவென்று வரும். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. நான் தொட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். உள்ளே மழை பெய்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அம்மா தன் கண்ணாடிக் கருவியில் ஒரு சொட்டு வைத்து எங்களை ஒவ்வொருத்தராகப் பார்க்கச் சொன்னார். உருண்டை உருண்டையாக எத்தனையோ. ஒன்றின் பக்கத்தில் சின்னதாக ஒரு மொட்டு. பார்த்துக்கொண்டே இருந்தேன். "அதுக்குக் குட்டி பொறக்குதுங்க" என்றார் அம்மா மெதுவாக. அன்றைக்கு ஊட்டுக்குப் போய்ச் சோறு உண்ண உட்கார்ந்தவள், தட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். இந்த உலகத்தில் நம்மைச் சுற்றி இன்னும் எத்தனை வேலைக்காரர்கள் இருக்கிறார்களோ என்று தோன்றியது.

குமிழி நின்றதும் வடிக்க வேண்டும். கீழே செம்புக் கொப்பரை, அதன் மேல் கூரையைத் தொடுகிற மாதிரி ஒரு செம்புத் தூண், அப்புறம் சுனைத் தண்ணீரில் முங்கிக் கிடக்கிற சுருள் குழாய். அடுப்பு எரிக்க எங்கள் அண்ணன் சடையன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டியில் பாறை மேல் இருக்கிற காளிக்கு அவர்தான் பூசாரி. அப்பாவுக்கு அப்புறம் அவருக்கு வந்த வேலை. நோன்புக்குக் காப்புக் கட்டிவிட்டால் செருப்புப் போட மாட்டார், கறி தொட மாட்டார். குடி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. குடித்துவிட்டு வந்து நின்றால் சொந்தச் சித்தப்பனுக்கும் தீர்த்தம் கொடுக்க மாட்டார். அப்படிப்பட்டவரை ஸ்பிரிட் வடிக்கிற அடுப்புக்கு அம்மா எப்படிக் கூப்பிட்டார் என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் கூப்பிட்டார். அண்ணன் தினமும் அடுப்புக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் பற்ற வைப்பார். அது முடியும்வரை அம்மாவும் கும்பிட்டு நிற்பார். சிரித்ததில்லை.

அம்மா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எங்களை ஒருநாளும் நீ, வா, போ என்றதில்லை. ஏதாவது கெட்டுப்போனால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். "சரிங்க, இப்ப நமக்கு என்ன தெரியும்?" என்பார். யார் செய்தது என்று கேட்க மாட்டார். தெரிந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வார். ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னாலும் அதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வார்.

வடிக்கும்போது முதலில் வருவதை அம்மா தனியாகப் பிடிப்பார். அதுதான் முதல் வடி. நடுவில் வருவதுதான் நல்ல ஸ்பிரிட், அதை ஊற்றி அம்மா ஓட்டிப் பார்க்கிற ஜீப்புக்குப் போவது. காப்பித் தோலில் இருக்கிற ஏதோ ஒன்று உடைந்து இன்னொரு வகை ஸ்பிரிட்டும் சேர்ந்து வரும், அது விஷம், முதல் வடியில் அது அதிகம் என்று அம்மா எங்களுக்கெல்லாம் சொன்னார். யாரும் வாயில் வைக்கக் கூடாது என்றார். நாங்களும் தலையாட்டினோம். அண்ணனும் ஆட்டினார். பார்த்தால் இரண்டும் ஒரே தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

ஒவ்வொரு தடவையும் பிடித்த முதல் வடியை ஒரு டிரம்மில் சேர்த்து வைத்திருந்தார். நம் மலைத் தோலில் இந்த விஷம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்று, தை பிறந்த கையோடு அதை மொத்தமாகத் திரும்ப வடித்தார். அன்றைக்கு வந்த முதல் சொட்டுகளை நான் பார்த்தேன். சுனைத் தண்ணீரே அதற்குப் பக்கத்தில் கலங்கலாகத் தெரியும், அப்படி ஒரு தெளிவு. அண்ணனும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். நொம்ப நேரம் பார்த்தார்.

எங்கள் மலையில் புதுசாக எது வந்தாலும் முதல் பங்கு சாமிக்கு. சாமை அறுத்தால் முதல் படி, ஆரஞ்சு பறித்தால் முதல் பழம். படைத்ததைப் பூசாரி முதலில் உண்ண வேண்டும். மறுநாள் ஊர் கூடி மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. மூச்சு விடுகிற மாதிரி அது.

மறுநாள் காலையில் நான் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். தைமாசத்து வெயில் தகரக் கூரை மேல் பளிச்சென்று அடித்தது. சவுக்கு மரத்து நிழல் தரையில் கோடு போட்ட மாதிரி விழுந்திருந்தது. அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்குப் பனி விடவே மாட்டேங்குதே, அம்மிணி" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து அடுப்பு மேடையில் இருந்த தீப்பெட்டியை எடுக்கப் போனார். கை தீப்பெட்டிக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்து தடவியது. என் கையிலிருந்த தேய்ப்பு நார் கீழே விழுந்துவிட்டது. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தேன்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"சடையண்ணா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"களியும் கீரையுமுங்க."

"குடிச்சது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "குடிக்கலீங்கம்மா. தீர்த்தம்தான்."

அம்மாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். ஆனால் குரல் மாறவில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேட்டார். முந்தின நாள் மத்தியானம் ஒரு சின்னச் செம்பில் முதல் வடியைப் பிடித்துக்கொண்டு போய்க் காளிக்கு வைத்துவிட்டு, முறைப்படி மூன்று தரம் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்திருக்கிறார். விஷம் என்று அம்மா சொன்னது ஞாபகம் இருந்ததா என்று நான் கேட்டேன். "இருந்துச்சு அம்மிணி. பாம்புப் புத்துல ஊத்தின பாலையே குடிச்சவன் நான். சாமிக்கு வெச்சதுக்கப்புறம் அதுல விஷம் எங்க இருக்கும்?" என்றார். அதை நொம்ப நம்பிக்கையாகச் சொன்னார். எனக்கு அது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.

அம்மா வாளியைக் கவிழ்த்து உட்காரவில்லை. "மிச்சம் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

மிச்சம் காளி காலடியில் வாழை இலை போட்டு மூடி இருந்தது. அன்றைக்கு ஊருக்குக் கொடுக்க வேண்டியது. எங்கள் அண்ணி வெள்ளச்சி அப்போது தோல் நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்ட மாத்திரத்தில் அரிவாளைப் போட்டுவிட்டுப் பாறைக்கு ஓடினார். செம்பை எடுத்து, ஆள் போகாத இடமாகப் பார்த்துக் கொட்டிவிட்டு, அதே ஓட்டமாகத் திரும்பி வந்தார். வேறு ஒருத்தரும் தொடவில்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார்.

அம்மா எஸ்டேட் ஆபீஸுக்குப் போய் சேலத்தில் ஒரு டாக்டருக்குப் போன் போட்டார். அதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், கொட்டாய் போடுவதற்கு முன்னாலேயே அம்மா அந்த டாக்டரிடம் போய், இப்படி யாராவது குடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டு வைத்திருந்தார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. நடு வடியைப் பல தடவை வடித்து, சோதித்து, பீரோவில் பூட்டி வைத்திருந்தது. அதை அளந்து தண்ணீரும் ஆரஞ்சுச் சாறும் கலந்தார். அண்ணனிடம் நீட்டினார்.

"இதைக் குடிங்க."

அண்ணன் முகர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டதால் அப்படியே மனசில் இருக்கிறது. "கெட்டதும் நல்லதும் உடம்புக்குள்ள ஒரே வாசப்படியிலதான் போகணுங்கண்ணா. கெட்டது அதுல நுழைஞ்சு போனாத்தான் கண்ணைத் தின்னும். நல்லதை முன்னால அனுப்பி வாசலை அடைச்சுட்டா, கெட்டது வெளியவே நிக்கும். நின்னுட்டு அப்படியே ஒடம்பை விட்டுப் போயிடும்."

அண்ணனுக்குப் புரிந்தது. புரிந்தும் தலையாட்டவில்லை. கையில் கட்டியிருந்த காப்பைக் காட்டினார். "நோன்புல இருக்கேனுங்கம்மா. என் வாயில இந்த வாசம் வந்தா, நாளைக்கு எவன் என் கையில தீர்த்தம் வாங்குவான்? கண்ணு போனாப் போகட்டும்."

அம்மா கெஞ்சிப் பார்த்தார். நான் காலில் விழுந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அது சுவர் என்றாவது தெரிந்ததோ என்னவோ.

அண்ணி எழுந்து வந்து, அம்மா கையிலிருந்த டம்ளரை வாங்கி அண்ணன் முன்னால் உட்கார்ந்தார்.

"சாமி தீர்த்தத்தைக் குடிச்சவன் கண்ணு போச்சுன்னு நாளைக்கு ஊரு பேசும். உனக்கென்ன, மூலையில உக்காந்துக்குவ. கெட்ட பேரு யாருக்கு? காளிக்கு. அவ பேரைக் காப்பாத்தறதுக்காவது குடி."

அண்ணன் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார். அப்புறம் காப்பை அவிழ்த்து அண்ணி கையில் கொடுத்தார். டம்ளரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிற மாதிரி ஒரே மடக்கில் குடித்தார். அம்மா திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இனி சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எஸ்டேட் லாரி காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. காலை பஸ்ஸும் போய்விட்டது. இருந்தது எங்கள் ஜீப் ஒன்றுதான். நாங்கள் வடித்த ஸ்பிரிட்டில் ஓடுகிற ஜீப். அதை அம்மா எஸ்டேட்டுக்குள்தான் ஓட விடுவார். மலை இறக்கத்தில் நம்ப முடியாது என்பார். அன்றைக்கு அம்மா, டிரைவர் மாணிக்கத்தைப் பார்த்து, "போயிருமா?" என்று கேட்டார். அவர் கேள்வியையே திருப்பி, "போயிருமுங்களாம்மா?" என்றார். இருவருக்கும் தெரியாது. அம்மா ஏறி உட்கார்ந்தார்.

ஸ்பிரிட்டுக்கு ஒரு குணம். குளிரில் வண்டி கிளம்பாது. பனிக்காலத்தில் இன்ஜின் மேல் துணியைப் போட்டு வெந்நீர் ஊற்றிச் சூடு பண்ண வேண்டும். அண்ணன்தான் தினமும் அதற்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பவர். அன்றைக்கு நான் வைத்து ஊற்றினேன். முதல் தடவை இருமிவிட்டு நின்றது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். அப்புறம் பிடித்துக்கொண்டது. குப்பனூர் ரோட்டில் இறங்கினோம்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. வண்டியின் வயிற்றில் எங்கள் ஸ்பிரிட் எரிகிறது. அம்மா மடியில் அதே ஸ்பிரிட் புட்டியில் இருக்கிறது. அண்ணன் உடம்புக்குள் நல்லதும் கெட்டதும் ஒரு வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லாம் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போன அந்தக் குப்பையிலிருந்து வந்தது. ஒவ்வொரு வளைவிலும் புகைக்குழாயிலிருந்து லேசான இனிப்பு வாசம் வந்தது. டாக்டர் சொன்னபடி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கலந்து கொடுத்தார். பாதி மலை இறங்குவதற்குள் அண்ணனுக்கு நன்றாக ஏறிவிட்டது. வாழ்நாளில் முதல் தடவை அல்லவா. காளிப் பாட்டைப் பாட ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தி, அம்மா பக்கம் சாய்ந்து, "ஏனுங்கம்மா, இதையா இத்தனை வருசமா ஊரையே வேண்டாம்னு சொன்னேன்?" என்று கேட்டார். அண்ணி அவர் வாயைப் பொத்தி, "பேசாம வா. யாராச்சும் கேட்டா பூசாரி வேலை போயிரும்" என்றார். டிரைவர் மாணிக்கம் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரமாகக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார். அண்ணியும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே சிரித்தார்.

ஜீப் ஆஸ்பத்திரி வாசல் வரை நிற்காமல் போனது.

அங்கே அண்ணனைப் படுக்க வைத்து ஊசியும் பாட்டிலும் ஏற்றினார்கள். வழியில் கொடுத்தது கொடுக்காமல் போயிருந்தால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். கண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாராம். அண்ணி பக்கத்திலேயே இருந்தார். முதலில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. அப்புறம் ஆள் நடப்பது தெரிந்தது. ஒரு நாள் காலையில் அண்ணியைப் பார்த்து, "பொட்டை ஏன் கோணலா வெச்சிருக்க?" என்று கேட்டாராம். அண்ணி அந்தக் கோணல் பொட்டை அன்றைக்கு முழுக்க அழிக்கவில்லை.

இதற்கிடையில் அம்மா தன் ஆபீஸில் மேலே இருப்பவர்களுக்கு நடந்ததை அவரே எழுதிக் கொடுத்தார். அண்ணன் மேல் ஒரு சொல் வரவிடவில்லை. எங்களிடம் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து சொன்னார். "விஷம்னு சொன்னேன். அது போதும்னு நெனச்சுட்டேன். நீங்க புதுசா எது வந்தாலும் முதல்ல யாருக்கு வெப்பீங்கன்னு நான் கேக்கவே இல்லை." அதற்கப்புறம் முதல் வடி வந்த உடனே, யாருக்கும் எடுக்கத் தோன்றாதபடி அதில் மண்ணெண்ணெயும் நீலச் சாயமும் விழுந்துவிடும். சாமிக்கு என்ன வைப்பது என்று அண்ணியிடம் கலந்து பேசினார். பறிப்பு ஆரம்பிக்கிற அன்றைக்கு முதல் கூடைப் பழம் மிஷினுக்குப் போவதற்கு முன்னால் பாறைக்குப் போகும் என்று முடிவாயிற்று. "தோல்ல வர்றதை ஏன் குடுக்கணும், பழத்தையே குடுங்க" என்றார் அம்மா. அண்ணிக்கு அது பிடித்திருந்தது.

அண்ணன் திரும்பி வந்தார். சாமி வேலையை ஊர் அவருக்கே விட்டது. அண்ணி பேசின பேச்சு அதற்குள் பட்டி முழுக்கத் தெரிந்திருந்தது. ஆனால் அடுப்பு வேலைக்கு எஸ்டேட் மேனேஜர் சம்மதிக்கவில்லை. கண் சந்தேகமான ஆளை ஸ்பிரிட் நெருப்புப் பக்கத்தில் நிறுத்த முடியாது என்றார். அது நியாயம்தானே. அண்ணனுக்கும் உள்ளூரச் சந்தேகம் இருந்தது. எல்லாம் தெரிகிற மாதிரி இருக்கிறது, ஆனால் நான் பார்ப்பதும் நீங்கள் பார்ப்பதும் ஒன்றா என்று எனக்கு எப்படித் தெரியும் என்பார்.

ஒரு நாள் மத்தியானம் மேனேஜரும் கொட்டாய்க்கு வந்திருந்தார். அம்மா வெளியே வெயிலில் ஒரு இரும்புத் தட்டில் நடு வடியைக் கொஞ்சம் ஊற்றிப் பற்ற வைத்தார். அண்ணனைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார்.

"பத்த வெச்சாச்சுங்களாம்மா?" என்றார் அண்ணன்.

"எரிஞ்சுட்டிருக்குதுங்க."

அண்ணன் குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல வாடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கையை நீட்டினார், சூடு பட்டு இழுத்துக்கொண்டார். "எனக்குத் தெரியலீங்கம்மா" என்றார். அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியலீங்கண்ணா" என்றார் அம்மா. "நல்ல ஸ்பிரிட் வெயில்ல எரிஞ்சா யாரு கண்ணுக்கும் தெரியாது. இவங்க யாருக்காச்சும் தெரியுதான்னு கேளுங்க."

அப்போதுதான் நானும் தட்டைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் தட்டு. மேலே காற்று மட்டும் லேசாக நெளிந்தது. மேனேஜரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். படித்தவர், படிக்காதவர், பூசாரி எல்லோரும் ஒரு எரிகிற நெருப்பைச் சுற்றிக் குருடராக உட்கார்ந்திருந்தோம்.

அம்மா சோற்று உப்பு ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் தூவினார்.

எங்களில் யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் அண்ணன் சொன்னார். "மஞ்ச. மஞ்சளா எழும்புது. அந்த ஓரத்துல ஒசரமா, இந்தப் பக்கம் கட்டையா." அவர் சொன்ன ஓரத்தில்தான் உயரமாக எரிந்தது.

மேனேஜர் அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார்.

அதற்கப்புறமும் சில பருவம் கொட்டாய் ஓடியது. அப்புறம் மேலிடத்தில் வேண்டாம் என்றார்கள், மூடிவிட்டார்கள். அம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நான் பறிப்புக்கே திரும்பினேன்.

இவ்வளவுதான் எனக்கு வந்தது. ரசாயனம் படித்த பிள்ளைகள் நீங்கள். நான் காதில் வாங்கினதை எழுதியிருக்கிறேன். முதல் வடியில் விஷம் ஏன் வருகிறது என்பது, அந்த வாசப்படிக் கணக்கு, உப்புப் போட்டால் மஞ்சள் வருவது, இதெல்லாம் சரிதானா என்று தெரிந்தவர்கள் யாரையாவது கேட்டுச் சரிபார்த்து, தப்பு இருந்தால் தயவுசெய்து திருத்திவிடுங்கள். வைத்தியம் பற்றி எழுதியிருப்பதை டாக்டரைக் கேட்காமல் யாரும் செய்யவும் கூடாது. ஒன்றை மட்டும் நீங்களே நேரில் போய்ச் சரிபாருங்கள், கண்ணு. உங்கள் கொட்டாய்க்கு வேலைக்கு வருகிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள், புதுசு வந்தால் முதலில் எதை எடுத்து வைப்பார்கள் என்று அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.